ஓட்டத்திற்கு வராதவர்களை உடற்தகுதித் தேர்வில் தேர்ச்சி என்று எழுதச் சொன்னால் என்ன செய்வது?

கேட்டிருப்பவர் இராணுவத்தில் லான்ஸ் கோப்பரலாகப் பணியாற்றும் ஓர் இளைஞர். மேலிடத்து ஆய்வு நெருங்குவதால், 2.4 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு வராத நான்கு பேருக்கும் ஏதாவது ஒரு நேரத்தைப் போட்டுத் தேர்ச்சி என்று எழுதிவிடும்படி மூத்தவர் ஒருவர் சொன்னாராம். எங்கும் நடப்பதுதானே, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறார். நானும் இராணுவத்தில் இருந்தவன். உடற்பயிற்சிப் பொறுப்பில் ஸ்டாப்வாட்சும் பதிவேடுமாகப் பல ஆண்டுகள் நின்றுவிட்டு, இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓய்வாக இருக்கிறேன். இதே தவற்றை நானும் ஒருமுறை செய்தவன் என்பதால், நட்டம் யாருக்கு என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, ஓட்டம் முடியும் கோட்டருகே நின்றுகொண்டிருந்தேன். கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த இளைஞன் ஒருவன், வழக்கமாக 11 நிமிடம் 20 விநாடிக்குள் ஓடி முடிப்பவன், அதற்கு முந்தைய தேர்வில் 12 நிமிடத்தைத் தாண்டியிருந்தான். அன்று வந்து சேர்ந்தபோது 13 நிமிடம் 50 விநாடி ஆகிவிட்டது. உதடு வெளுத்திருந்தது. என்னடா என்று கேட்டதற்கு, "முட்டி வலிண்ணே, மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் ஓடுறேன்" என்றான். எங்கள் பிரிவில் அவன் வயதுக்கு வைத்திருந்த எல்லைப்படி பதிவேட்டில் 'காகால்', அதாவது தவறினான், என்றுதான் விழ வேண்டும். ஆனால் அடுத்த வாரம் ஆய்வு. பிரிவில் ஒருவர்கூடத் தவறியதாக இருக்கக்கூடாது என்பது அதிகாரியின் கட்டளை. 'லூலுஸ்', அதாவது தேர்ச்சி, என்று போட்டுவிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். "பாயிக், துவான்" (சரி, ஐயா) என்று சொல்லிவிட்டு, பென்சிலால் குறித்திருந்த 13 இல் உள்ள 3 ஐ அழித்து 2 ஆக்கி, அதன்மேல் மையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவனுக்கு நல்லது செய்ததாகவே அன்று நினைத்தேன். அவனும் அன்று மாலை கேண்டீனில் எனக்குத் தே தாரேக் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

'காகால்' என்று எழுதியிருந்தால் அவனை மறுபயிற்சிக்கு அனுப்பியிருப்பார்கள், மறுபயிற்சிக்கு முன் மருத்துவரிடம் அனுப்பியிருப்பார்கள். நான் எழுதிய எண் அந்த இரண்டு கதவுகளையும் அடைத்துவிட்டது. மூன்று மாதம் கழித்து, காட்டுப் பயிற்சியின் இரண்டாம் நாள், முதுகுச் சுமையோடு மேடேறும்போது அவன் சரிந்து விழுந்தான். அவனுடைய தோழர்கள் மூங்கில் வெட்டி, மழைக்கோட்டுத் துணியைக் கட்டித் தூக்குப் படுக்கை செய்து, வண்டி வரக்கூடிய பாதை வரைக்கும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் மாறி மாறிச் சுமந்து வந்தார்கள். முகாம் மருத்துவர் முதலில் எடுத்துப் பார்த்தது பதிவேட்டைத்தான். மூன்று மாதத்திற்கு முன் 12 நிமிடம் 50 விநாடியில் ஓடியவன் என்றால் பழைய நோய் எதுவும் இருக்காது, வெயிலாகவோ காய்ச்சலாகவோதான் இருக்க வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். என்னால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. உண்மையான நேரத்தையும், அதற்கு முன்பே வேகம் குறைந்து வந்ததையும், வலி மாத்திரையையும் சொன்னேன். இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7 தான் இருந்தது. ஆண்களுக்கு 13 க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பார்கள். மாதக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரை வயிற்றில் புண்ணை உண்டாக்கி, அதிலிருந்து இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவன் பிழைத்துக்கொண்டான். எனக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றி இங்கே விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அது நியாயமான தண்டனை.

இந்தத் தேர்வைப் பள்ளிக்கூடப் பரீட்சையைப் போல எண்ணுவதில்தான் நாம் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். ஒன்றரை மைல் தூரம்தான் 2.4 கிலோமீட்டர். அமெரிக்க விமானப்படையில் மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர், இதயமும் நுரையீரலும் உடலுக்கு எவ்வளவு பிராணவாயுவைக் கொடுக்க முடிகிறது என்பதைக் கருவிகள் இல்லாமலே கணிப்பதற்காக, 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று பார்க்கும் சோதனையை 1968 இல் வெளியிட்டார். ஒன்றரை மைல் ஓட்டம் அதற்கு நெருங்கிய உறவு. ஆகவே நீங்கள் குறிக்கும் நேரம் ஓர் உடலின் அளவு. வெப்பமானியில் 39 காட்டுவதை 37 என்று எழுதினால் காய்ச்சல் இறங்கிவிடுமா?

என் தாயார் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர்ப் பாலைத் தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்பார். தோட்டத்துக் கணக்கரான கிராணி எடை போட்டு, பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக்கைப் பாலில் விட்டுப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். தம் தோளில் கனத்ததும் புத்தகத்தில் ஏறியதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதே அம்மா, வாளியில் ஒரு குவளைத் தண்ணீர் சேர்த்தால் என்ன என்று நான் கேட்டதற்காக, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. பதிவேட்டில் 3 ஐ அழித்த அன்று இரவு எனக்கு அந்த நடைதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மூத்தவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்லவர்களும் இதைச் செய்யக் காரணம் உண்டு. அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரியைச் சேர்ந்த லெனர்ட் வோங், ஸ்டீபன் கெராஸ் ஆகிய இருவரும் தங்கள் நாட்டு அதிகாரிகளிடம் விசாரித்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிப்படையாகவே பேசியது. அதற்கும் முன்பு, 2002 இல் வோங் கணக்கெடுத்தபோது, ஒரு கம்பெனித் தலைவருக்கு ஆண்டில் பயிற்சிக்குக் கிடைத்த நாள்கள் 256. கட்டாயம் என்று மேலிடம் விதித்திருந்த பயிற்சிகளுக்கு வேண்டியவையோ 297 நாள்கள். இல்லாத 41 நாள்களை எங்கிருந்து கொண்டு வருவது? எதையாவது செய்ததாக எழுதித்தான் ஆக வேண்டும். முதலில் மனம் உறுத்தும், பிறகு உறுத்தாது. பொய் என்ற சொல்லே அங்கே புழங்குவதில்லை. 'கட்டத்தை நிரப்புவது' என்று ஆகிவிடுகிறது. உங்கள் மூத்தவரும் அப்படி ஒரு கட்டத்தைத்தான் நிரப்பச் சொல்கிறார். ஆனால் கையெழுத்து உங்களுடையது. நம் நாட்டின் 1972 ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்தின் கீழ்ப் பொய் ஆவணம் உருவாக்குவது குற்றம். அமெரிக்காவிலும் இராணுவ நீதிச் சட்டத்தின் 107 ஆம் பிரிவு இதையே சொல்கிறது.

கருவி வைத்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூர் இராணுவத்தின் தேர்வில் இப்போது ஓட்டம், புஷ்-அப், சிட்-அப் என்று மூன்றுதான். எண்ணுவதற்கும் நேரம் குறிப்பதற்கும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. தேசிய சேவை முடித்தவர் தங்கத் தரம் பெற்றால் 500 சிங்கப்பூர் டாலர் வெகுமதி உண்டு என்பதால் அங்கே அது பணக் கணக்கும்கூட. கருவி நல்லதுதான், ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒரு பேனா.

ஆகவே நாளைக் காலை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூத்தவரோடு வாதாட வேண்டாம். மற்றவர்கள் முன்னிலையில் பேசவும் வேண்டாம். தனியாகப் போய், "துவான், இந்த நால்வருக்கும் ஆய்வுக்கு முன் மறுதேர்வு வைக்கிறேன், ஒரு நாள் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது நிரம்பிய பட்டியல், அதை நேர்மையாக நிரப்ப நீங்கள் வழி காட்டுகிறீர்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த நான்கு பெயர்களுக்கு நேரே 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். இனிமேல் பென்சிலால் எதையும் குறிக்காதீர்கள். கோட்டருகிலேயே மையால் எழுதி, ஓடியவரையும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சில நாள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்கும் முன்பு, இன்றிரவே அந்த நால்வரின் அறைக்குப் போய், ஏன் ஓட வரவில்லை என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். முட்டி வலி என்று யாராவது சொன்னால், என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்றும் கேட்டுவிடுங்கள்.