பாலை, பாழ், பலாய்

ஐயா, வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம். எங்களுக்குப் பாலை என்றால் பழமரம். பள்ளிக்கூடத்திலோ வறண்ட நிலம் என்று படித்தோம். சிங்களத்தில் 'பாளு' என்றால் ஆளில்லாத இடம். கிரேக்கத்தில் 'பலாய்' என்றால் முற்காலத்தில் என்று பொருளாம்; நம்முடைய 'பழைய'தான் அங்கே போனது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எல்லாம் ஒரே வேர்தானே?

அன்புள்ள தம்பி,

இல்லை. உங்கள் பட்டியலில் ஒன்றுதான் கைமாறிய சொல். சிங்களப் 'பாளு' நம்முடைய பாழ். அங்கே ழகரம் கிடையாது, ளகரம் ஆகிவிட்டது. பாலை மரத்தைச் சிங்களவர் 'பலு' என்பார்கள். அது குறில், அதில் வருவது வேறு லகரம்.

காணொளிக்காரர் கோட்டை விட்டது கிரேக்கத்தில். 'பலாய்' இன்று பகரத்தில் தொடங்கினாலும் அதன் பழைய முதலெழுத்து 'க்வ' போன்ற ஓர் ஒலி. கிரேக்கத்தில் அது பல இடங்களில் பகரமாகிவிட்டது. 'எங்கே' என்பதற்குச் சமஸ்கிருதத்தில் 'க்வ', கிரேக்கத்தில் 'பூ'. 'பலாய்' பிறந்த அதே வேரில் வந்ததுதான் தூரம் என்று பொருள்படும் 'தேலே', அதாவது டெலிபோனில் இருக்கும் டெலி. காலத்தில் தூரம், அதனால் முற்காலம். நம் பக்கமோ மலையாளத்தில் 'பழய'. கன்னடத்தில் இப்போது 'ஹளெ' என்றாலும் முன்பு அங்கேயும் பகரம்தான். உறவுச் சொற்கள் என்றால் பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன.

கிரேக்கத்துக்கு நம் சொல் போகவே இல்லை என்று சொல்லவில்லை. இஞ்சி போனது: பாலி மொழியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்'. சரக்கோடு பெயரும் கப்பலேறியது. 'முற்காலத்தில்' என்பதை யார் மூட்டை கட்டி விற்றார்கள்?

அப்புறம் உங்கள் மரம். உதட்டில் ஒட்டும் அந்தப் பால்தான் பெயருக்குக் காரணம். பால் வடிகிற மரங்கள் பலவும் பாலைதான்: வெட்பாலை, ஏழிலைப்பாலை. குறிஞ்சி, முல்லை போல வறண்ட நிலமும் ஒரு பாலை மரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது என்பது மரபு. அது உங்கள் ஊர்ப் பாலைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பலர் வெட்பாலையைக் காட்டுவார்கள். பாழுக்கும் அதற்கும் ஒட்டில்லை. ழகரமும் லகரமும் தமிழில் அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. வைகாசி வெயிலில் குளமெல்லாம் வற்றிக் கிடக்கும்போது பழுத்துக் கொட்டுகிற மரத்தைப் பாழோடு சேர்க்க, வன்னியில் இருந்துகொண்டு உங்களுக்கு எப்படி மனம் வந்தது?