ஐயுஐ (விந்தணுக்களை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்யும் முன்: கேள்வி பதில்

சேலம் வாசகி: கல்யாணமாகி 3 வருஷம் மேடம். ஐயுஐ பண்ணலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஊசி மாதிரி குத்துவாங்களா? டெஸ்ட் டியூப் பேபிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: குத்துவது எதுவும் இல்லை. பேனா ரீஃபிலை விட மெல்லிய, வளையும் குழாய் ஒன்று கருப்பை வாய் வழியாகப் போகும். கழுவிய விந்தணுக்களை அதன் வழியே செலுத்துவார்கள், ஐந்து நிமிட வேலை. டெஸ்ட் டியூப் முறையில் முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்குவார்கள். ஐயுஐயில் கரு உங்கள் கருக்குழாயில்தான் உருவாக வேண்டும். ஆகவே ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். குழாய் திறந்திருக்கிறதா என்று காட்டும் எச்எஸ்ஜி எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, உதிரம் நின்ற பிறகு, 6 முதல் 10ஆம் நாளுக்குள் எடுப்பது அது. குழாயைப் பார்க்காமலே மாதாமாதம் ஐயுஐ செய்வதைப் போன்ற வீண்செலவு இந்தச் சிகிச்சையில் வேறில்லை.

மதுரை வாசகர்: விந்தை ஏன் கழுவணும்? வீட்டிலிருந்து சாம்பிள் கொண்டு வரலாமா?

பதில்: கழுவாமல் கருப்பைக்குள் விட்டால் விந்துநீரில் இருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பையைச் சுருட்டிப் பிடிக்கும். வலி தாங்காது, தொற்றும் வரலாம். லேபில் முதலில் 20–30 நிமிடம் விந்து இளக விடுவார்கள். பிறகு அடர்த்தி மாறுபட்ட இரண்டு திரவ அடுக்குகளின் மேல் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவார்கள். நன்றாக நீந்தும் அணுக்கள் அடியில் சேரும். இறந்தவையும் வெள்ளையணுக்களும் குப்பையும் மேலேயே தங்கிவிடும். அடியில் இருப்பதை மட்டும் எடுத்து மறுபடி கழுவி, 0.3–0.5 மி.லி. அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

வீட்டில் எடுக்கலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். லேப் கொடுத்த டப்பாவிலேயே எடுத்து, சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக் கொண்டு வாருங்கள். ஐஸ் கூடவே கூடாது. எண்ணெய், சோப்பு, எச்சில், கடையில் விற்கும் ஆணுறை எல்லாமே அணுக்களின் அசைவைக் கெடுக்கும். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். கடைசியாக விந்து வெளியேறியதற்கும் சாம்பிள் எடுப்பதற்கும் இடைவெளி 2 முதல் 5 நாள் போதும். பத்து நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும், அசைவு குறையும்.

கோவை வாசகி: கழுவின பிறகு 8 லட்சம்னு ரிப்போர்ட். போதுமா மேடம்?

பதில்: குறைவுதான். கழுவிய பின் அசையும் அணுக்கள் 50 லட்சத்துக்கு மேல் இருந்தால் நல்லது. 10 லட்சத்துக்குக் கீழே போனால் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும். ஆனாலும் ஒரே ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இடையில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்ததா? வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இப்படியே என்றால் இக்சி (ஒரே விந்தணுவை லேபில் முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை) பற்றிப் பேசுங்கள்.

திருச்சி வாசகி: முட்டை வெடிக்க ஊசி எப்போ போடணும்?

பதில்: முட்டை வளர லெட்ரோசோல் அல்லது குளோமிஃபின் மாத்திரையை பீரியட்ஸின் 2 அல்லது 3ஆம் நாளில் தொடங்கி 5 நாள் கொடுப்பார்கள். 9, 10ஆம் நாளிலிருந்து ஸ்கேன். முட்டைப்பை 18–20 மி.மீ., கருப்பைச் சவ்வு 7 மி.மீ.க்கு மேல் வந்ததும் முட்டையை வெடிக்க வைக்கும் எச்சிஜி ஹார்மோன் ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் ஐயுஐ: திங்கள் இரவு 10 மணிக்குப் போட்டால் புதன் காலை 10. குளோமிஃபினில் சிலருக்குச் சவ்வு மெலியும், அவர்களுக்கு லெட்ரோசோல் பரவாயில்லை. மூன்றுக்கு மேல் பெரிய முட்டைப்பைகள் தெரிந்தால் அந்த மாதம் ஐயுஐயும் வேண்டாம், தாம்பத்தியமும் வேண்டாம். மூன்று, நான்கு கரு தங்கினால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைகளுக்கும் ஆபத்து.

ஈரோடு வாசகி: அப்புறம் படுத்தே இருக்கணுமா?

பதில்: 10–15 நிமிடம் போதும். நடந்தால் வெளியே வந்துவிடாது. வேலைக்குப் போங்கள், மாடிப்படி ஏறுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: ஐயுஐ முடிஞ்சு எட்டாம் நாளே கர்ப்ப டெஸ்ட் கார்டுல ரெண்டு கோடு! வீட்ல சொல்லிடலாமா?

பதில்: பொறுங்கள். போட்ட ஊசியே எச்சிஜிதான், கார்டு தேடுவதும் அதையேதான். ஊசி மருந்து உடம்பை விட்டுப் போக 10–14 நாள் பிடிக்கும். ஐயுஐ முடிந்து இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் பீட்டா எச்சிஜி பார்த்து, 48 மணி நேரத்தில் மறுபடி பாருங்கள், ஏறுகிறதா என்று. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் கரு இல்லாமலும் நாள் தள்ளும். பாசிட்டிவ் வந்த பிறகு ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், ரத்தப்போக்கு வந்தால் குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சென்னை வாசகி: 37 வயசு. 5 ஐயுஐ ஆச்சு. ஆறாவதும் பண்ணலாமா?

பதில்: எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு முறைக்கு 10–15 சதவீதம்தான் வாய்ப்பு, வயது ஏற அதுவும் குறையும். பலிப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மூன்று, நான்கு முறைக்குள் பலித்துவிடும். உங்கள் வயதில் ஆறாவதற்குச் செலவிடும் மாதத்தை ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பதற்கும் ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் முறை) பற்றிப் பேசுவதற்கும் செலவிடச் சொல்வேன்.