ஒரே ஒரு அளவை வைத்து முடிவெடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு முறை பரிசோதித்தோம். நைட்ரேட் லிட்டருக்கு 78 மில்லிகிராம் என்று வந்தது. புள்ளியியல் படிக்கும் என் தம்பி, "ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்கிறான். உண்மையா?

பாதி உண்மை. திட்ட விலக்கம், அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காண, அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து அதனால் வகுக்கிறோம். இருப்பதே ஓர் அளவு என்றால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும். கணக்கு அங்கேயே நின்றுவிடும். ஒற்றை அளவுக்குத் தன் ஏற்ற இறக்கம் தெரியாது. ஆனால் அதை அந்த அளவிடம்தான் கேட்க வேண்டுமா என்ன? ஆய்வகத்திடம் கேளுங்கள். அவர்கள் முறையில் பிழை 10 சதவீதம் வரை வரலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் நீர் 70-க்கும் 86-க்கும் இடையில்தான் இருக்கும். இந்தியக் குடிநீர்த் தரத்தின் வரம்பு 45. 48 என்று வந்திருந்தால் தம்பி பக்கம் சாய்ந்திருப்பேன்.

இயற்பியலில் இதற்கு அருமையான ஒரு ஜோடி உண்டு. 1982 பிப்ரவரி 14 அன்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் பிளாஸ் காப்ரேராவின் கருவியில், காந்த ஒருமுனைத் துகள் (வடமுனை அல்லது தென்முனை மட்டுமே கொண்டதாகக் கருதப்படும் துகள்) கடந்துபோனால் எப்படி இருக்குமோ அப்படியே ஒரு சமிக்ஞை பதிவானது. பின்னர் வந்த பெரிய கருவிகளில் அப்படி எதுவும் சிக்கவில்லை. அது என்ன என்பது இன்றும் புதிர்தான். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ என்ற அமெரிக்க ஆய்வுக்கூடம் கண்ட ஈர்ப்பலையும் (விண்வெளியில் பரவும் ஈர்ப்பு விசையின் அதிர்வு) ஒரே நிகழ்வுதான். ஆனால் அதை வைத்தே கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். கருவியின் வெற்று இரைச்சல் எப்படியிருக்கும் என்பதைப் பல நாள் தரவிலிருந்து அறிந்திருந்தார்கள். இரைச்சல் தற்செயலாக அப்படிக் காட்டுவது 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். அதைவிட முக்கியம், சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்த இரண்டு கருவிகள் 7 மில்லி விநாடி இடைவெளியில் அதைப் பதிவுசெய்தன. காப்ரேராவிடம் இரண்டாவது சாட்சி இல்லை.

உங்களிடமும் இல்லை. கழுவாத பாட்டில், மாறிப்போன மாதிரி போன்ற தவறுகள் அந்த 10 சதவீதத்துக்குள் அடங்காது. அதனால் புதிய பாட்டிலில் பிடித்து, முடிந்தால் வேறு ஆய்வகத்தில் இன்னொரு முறை பாருங்கள். மழைக்குப் பிறகு எவ்வளவு, பக்கத்துக் கிணற்றில் எவ்வளவு என்றெல்லாம் இந்த 78 சொல்லாது. அதற்குத் தனித்தனியாக மாதிரி எடுக்கத்தான் வேண்டும்.

அதுவரை கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க இந்தத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சினாலும் பயனில்லை, நீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கி இன்னும் செறிவாகும்.