ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: ஆறு வருடமாக சலூனில் ஹேர் டை, ப்ளீச் வேலை செய்கிறேன். ஒரு வருடமாக விரல்கள் வெடித்து நீர் வடிகிறது. கையுறை கேட்டால் ஓனர் எல்லார் முன்னாலும் கேலி செய்கிறார். என் வாடிக்கையாளர்களையும் வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். ராஜினாமா செய்துவிட்டு வழக்குப் போடட்டுமா?

பதில்: கேலியையும் வாடிக்கையாளர் விவகாரத்தையும் மனுவில் எழுதாதீர்கள். இழப்பீட்டு வழக்கில் முக்கியக் கேள்வி இதுதான்: இந்தத் தோல் நோய் இந்த வேலையால் வந்ததா? ‘கை அலர்ஜி’ என்று எழுதிய மருந்துச் சீட்டு அதற்குப் போதாது. பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி ஒவ்வாமையைக் கண்டறியும் பரிசோதனை) வேண்டும். டை, ப்ளீச் டப்பாக்களின் லேபிளைப் படமெடுத்துத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். டையில் உள்ள பாரா-ஃபெனிலீன்டையமின், ப்ளீச் பவுடரில் உள்ள அம்மோனியம் பெர்சல்ஃபேட் இரண்டும் பரிசோதனையில் இருக்க வேண்டும். முதுகில் ஒட்டியதை இரண்டு நாளில் எடுப்பார்கள். நான்காம் நாள் வாக்கில் மறுபடி காட்டாவிட்டால் தாமதமாக வரும் ஒவ்வாமை தப்பிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையோ களிம்போ எடுத்தால் முன்பே சொல்லுங்கள்; இருக்கிற ஒவ்வாமையையும் அது மறைத்துவிடும்.

ராஜினாமா இப்போது வேண்டாம். வழக்கு இங்கேயே கவிழ்ந்துவிடலாம். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிய தாளைத்தான் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும். விலகிய பிறகு வீட்டில் தெரிந்தவர்களுக்கு டை போட்டுவிடுவது அதைவிட மோசம். லீவில் ஆறி, வேலைக்குத் திரும்பியதும் வெடிக்கிறது என்பது உங்கள் கையில் உள்ள நல்ல சாட்சி. வீட்டில் டை போட்டுவிட்டால் அது கெட்டுவிடும். லீவுக்கு முன்னும் பின்னும் தேதியோடு கையைப் படமெடுங்கள்.

கையுறையை வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நைட்ரைல் கையுறை, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிது என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஓனர் ஏதோ ஒரு பெட்டி வாங்கிய பில்லைக் காட்டி நழுவிவிடுவார். கழுவித் திரும்பப் போட்ட கையுறை கையுறையே இல்லை. உள்ளே புகுந்த டை தோலோடு ஒட்டிக் கிடக்கும்.

குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: சிறுவயதில் கரப்பான் என்ற தோல் நோய் இருந்ததா? சொந்த முடிக்கு டை அடித்தீர்களா? கருப்பு மருதாணி போட்டீர்களா? (அதிலும் அதே பாரா-ஃபெனிலீன்டையமின் கலப்பதுண்டு.) ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்றால் வேலைதான் காரணம் என்று காட்டுவது கடினம். உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட்டுச் சமரசத்துக்குப் போங்கள்: மருத்துவச் செலவு, ரசாயனம் தொடாத முடிவெட்டும் வேலை, இரண்டும் எழுத்தில். ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரிக்குச் சிறிய தொகையில் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாக ஆயுளுக்கும் இருக்கும்.