‘காசு இல்லை’ என்று சொல்லாதீர்கள்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. கடைக்குப் போனால் எதையாவது கேட்டு அடம்பிடிக்கிறான். காசு இல்லை என்றால், “ஃபோனில் ஸ்கேன் பண்ணுங்கம்மா” என்கிறான். பணம் அளவானது என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகன் தான் கண்டதைத்தான் சொல்கிறான். மாதக் கடைசியில் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் பணம் தீர்ந்துபோவதை நாம் கண்ணால் பார்த்து வளர்ந்தோம். அவனோ, க்யூஆர் அட்டைக்கு நேரே ஃபோனை நீட்டியதும் பொருள் கைக்கு வருவதை மட்டுமே பார்க்கிறான். காசு இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கடையில் நீங்கள் புடவை எடுத்தால், சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ‘பணம் இருக்கிறது, ஆனால் அது ஜூன் மாதம் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்தது’ என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவனிடமே விடுங்கள். சித்திரைப் பொருட்காட்சிக்கு அழைத்துச் செல்லும்போது இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை அவன் கையில் கொடுத்து, இன்றைக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், ரிமோட் கார் எல்லாமே வேண்டும் என்பான். 150 ரூபாய் காரை எடுக்கும்போது, ‘இதை வாங்காவிட்டால் இந்தப் பணத்தை என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள். ‘ராட்டினம் ஏறுவேன்’ என்றால், ஏறாமல் விட்ட அந்த ராட்டினம்தான் காருக்கு அவன் கொடுக்கும் உண்மையான விலை. பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பது இதுவே. கைவிட்ட எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதில்லை, அவற்றுள் மனம் அடுத்தபடியாக விரும்பியதை மட்டுமே கணக்கில் கொள்வார்கள்.

பெற்றோர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ராட்டினத்தை அண்ணாந்து பார்த்து அவன் கண் கலங்கும்போது, குழந்தைதானே என்று தாத்தா ஒரு நூறு ரூபாயை நீட்டிவிட்டால் அத்தனையும் வீணாகிவிடும். ஆகவே பெரியவர்களிடம் வீட்டிலேயே பேசி வைத்துவிடுங்கள். அவனைத் திட்டவோ, குத்திக்காட்டவோ வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். இதே தவறை இருபத்தைந்து வயதில் தனிநபர் கடன் வாங்கிச் செய்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் தவணை கட்டுபவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

பத்து வயது முடிந்துவிட்டதால், அஞ்சலகத்தில் அவன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, அவனே அதை இயக்கலாம். அதில் எப்போதும் 500 ரூபாய் இருப்பு வேண்டும். 4,000 ரூபாய் சைக்கிளுக்கு ஆசைப்பட்டால், எவ்வளவு சேர்ந்த பிறகு பணத்தை எடுக்க முடியும் என்ற கணக்கை, பாஸ்புக்கைப் பார்த்து அவனே போடட்டும்.