நிவாரணப் பெட்டி கட்டப் போக பதிவுக் கட்டணமா?

வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பெட்டி கட்ட ஆள் தேவை என்று வாசகர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழும் உண்டாம். கட்டலாமா, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை, பழைய துணி, குழந்தைப் பால் பவுடர் எல்லாம் பெட்டிக்குள் சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

முதலில் பணம். கட்டாதீர்கள். உங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறீர்கள், அதற்கு நீங்களே ஏன் காசு தர வேண்டும்? ஒவ்வொரு பேரிடர் வந்ததும் இந்த இடைத்தரகர்கள் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறார்கள். அவர்களிடம் கிடங்கும் இருக்காது, லாரியும் இருக்காது. உண்மையான அமைப்பு ஒன்றின் பெயரையும் படத்தையும் எடுத்துப் போட்டு, தன் சொந்தக் கணக்கு எண்ணைக் கீழே கொடுத்திருப்பார்கள். அந்த அமைப்பின் அலுவலகத்தை நீங்களே நேராகக் கூப்பிட்டு, எந்தக் கிடங்கு, எத்தனை மணிக்கு, பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். செய்தியில் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டால் அதே ஆள்தான் எடுப்பார்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சில அமைப்புகள் பெட்டிக்குள் போகும் பொருளின் விலையையே தொண்டர்களிடம் பங்காகக் கேட்பார்கள். அது நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் பணம் எதற்கு என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், அமைப்பின் பெயரிலுள்ள கணக்குக்குப் போக வேண்டும், ரசீது தர வேண்டும், பணம் தர முடியாதவரும் வந்து வேலை செய்யலாம் என்று இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது பங்கு அல்ல, வசூல். சான்றிதழுக்காகக் கட்டும் பணம் இந்த விலக்கில் வரவே வராது.

சரி, பெட்டிக்குள் என்ன சேர்க்கலாம்? அமைப்பு கொடுத்த பட்டியலில் இருப்பதைத் தவிர எதுவும் வேண்டாம். ஒரு சோப்புகூட அதிகமாக வைக்காதீர்கள். முகாமில் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அடுத்தவர் பெட்டியைத்தான். ஒன்றில் மூன்று சோப்பு, இன்னொன்றில் இரண்டு என்றால் வரிசையில் சண்டை, பழி விநியோகம் செய்பவர் தலையில்.

மாத்திரை கூடவே கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பாலானவற்றின் லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது, நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. பால் பவுடரும் வேண்டாம். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அதைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய துணியைப் பிரித்து அடுக்கவே பத்துப் பேரின் ஒரு நாள் போய்விடும்.

கிடங்கில் கவனிக்க வேண்டியது இதுதான். சோப்பையும் சாப்பாட்டுப் பொருளையும் ஒரே பெட்டியில் போடச் சொன்னால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். மூடிய லாரியில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் பிஸ்கட்டைக் கடித்ததும் சோப்பு வாசனைதான் வரும். கனமானது அடியில் போகட்டும். மேலே வெற்றிடம் விடாதீர்கள், அடுக்கும்போது அந்த இடத்தில்தான் அட்டை உள்வாங்கி, மேலிருக்கும் நான்கு பெட்டியும் சரியும். அடிப்பக்கம் டேப்பை நடுவில் ஒரு கோடாக ஒட்டினால் போதாது, இரண்டு ஓரத்திலும் ஒட்டுங்கள். லேபிள் பக்கவாட்டில் இருக்கட்டும், மேலே ஒட்டினால் அடுக்கிய பிறகு யார் கண்ணிலும் படாது.

இன்னொன்றுக்கும் தயாராகப் போங்கள். நீங்கள் காலையில் போய் நின்றால் அட்டைப்பெட்டி வந்திருக்காது, இல்லை பட்டியலில் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கும். கட்டி முடித்த பெட்டிகள் யாரோ வந்து படம் எடுத்துக்கொள்வதற்காக வாசலில் காத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், முகாமில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் பாதியில் கிளம்பிவிடாதீர்கள். லாரி வந்ததும் ஏற்றுவதற்குத்தான் எப்போதும் ஆள் குறைவாக இருக்கும்.