முட்டினால்தான் தடையா? சாஃப்ட்பால் நடுவரிடம் கேள்விகள்

கே: சார், ஆப்ஸ்ட்ரக்‌ஷன் என்கிற தடை என்றால் என்ன?

ப: பந்து கையில் இல்லாமல், அடித்த பந்தை எடுக்கும் முயற்சியிலும் இல்லாமல் நிற்கும் பீல்டர், பேஸ் எனப்படும் நான்கு நிலைகளைச் சுற்றி ஓடும் ரன்னரின் ஓட்டத்தைக் கெடுப்பது.

கே: ரன்னர்மேல் யாரும் படவில்லை. எப்படித் தடை கொடுத்தீர்கள்?

ப: பட வேண்டியதில்லை. இரண்டாம் பேஸைச் சுற்றி வரும் ரன்னரின் கால் பேஸின் உள்மூலையில் இறங்க வேண்டும். அங்கே ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே காக்கும் பீல்டர்) நிற்கிறார். ரன்னர் காலடியைக் குறுக்கி, தோளைச் சாய்த்து, வெளிப்பக்கமாக வளைந்து போகிறார். குறுகிய அந்தக் காலடிதான் தடை. பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நடுவர் அதைத் தவறவிடுவார்.

கே: பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா?

ப: கூடாது. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி முஷ்டியை மூடுங்கள், ஆட்டம் ஓடட்டும். தடை இல்லாவிட்டால் எட்டியிருக்கக்கூடிய பேஸை அடையும் முன் அவர் அவுட்டாக்கப்பட்டால், அப்போது ‘டெட் பால்’, ஆட்டம் நிற்கும். பேஸ்பாலிலிருந்து வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே, தடைபட்ட ரன்னரையே அவுட்டாக்க முயலும்போது தடை நடந்தால் பந்து உடனே டெட்; குறைந்தது ஒரு பேஸும் உண்டு.

கே (ஒரு பயிற்சியாளர்): சாஃப்ட்பாலிலும் அடுத்த பேஸ் உண்டு, ஐயா. நான் பலமுறை வாங்கியிருக்கிறேன்.

ப: கொடுத்த நடுவர்கள் தவறு செய்திருக்கிறார்கள். ஒருவர் லெஃப்ட் பீல்டுக்கு அடித்துவிட்டு, முதல் பேஸைச் சுற்றும்போது முதல் பேஸ்மேன்மீது இடறுகிறார். பந்து அதற்குள் லெஃப்ட் பீல்டர் கையில். இடறாவிட்டாலும் இரண்டாம் பேஸ் கிடைத்திருக்காது. திரும்பும் வழியில் டேக் செய்தால், அதாவது பந்தோடு தொட்டால், அவுட் இல்லை. முதல் பேஸில் நிற்பார். அவ்வளவுதான்.

கே (அதே பயிற்சியாளர்): அப்படியானால் தப்பு செய்த பீல்டருக்கு என்ன தண்டனை?

ப: இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த விதி. அபராதம் வசூலிப்பதல்ல.

கே (இன்னொருவர்): தடைபட்ட ரன்னரை, தடை நடந்த இரண்டு பேஸுக்கு நடுவில் அவுட்டாக்கவே முடியாதா? அது அநியாயமில்லையா?

ப: முடியும். அவரே பீல்டருக்கு இடையூறு செய்தாலோ, முன்னால் ஓடுபவரைத் தாண்டினாலோ, பேஸைத் தொடாமல் விட்டு அப்பீல் வந்தாலோ அவுட்தான்.

கே: அடித்த பந்தை எடுக்கும் பீல்டர்மீது ரன்னர் மோதினால்?

ப: அது இன்டர்ஃபியரன்ஸ். பந்து உடனே டெட், ரன்னர் அவுட். இரண்டையும் குழப்பாதீர்கள்.

கே: ரன்னர் ஓடி முடிக்கும் ஹோம் பிளேட்டை கேட்சர் மறித்து நிற்கிறார், பந்து வந்துகொண்டிருக்கிறது.

ப: வந்துகொண்டிருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. ‘பந்தை வாங்கவிருக்கும் பீல்டர்’ என்ற சலுகை பழைய விதிப்புத்தகங்களோடு போய்விட்டது. ரன்னர் தயங்கினால் தடைதான்.

கே: பந்து இல்லாமல் டேக் செய்வதுபோல் நடித்தால்?

ப: தடை. ஏமாந்து சறுக்கும் ரன்னருக்குக் காலில் அடிபடலாம். எனக்குப் பொறுமையே இல்லாத விஷயம் இது.

கே: உடம்பு படாவிட்டாலும் தடையா?

ப: மேலே என் இரண்டாம் பதில்தான்.

கே: பிட்சர் கால் வைக்கும் விதி பற்றி...

ப: இன்றைக்கு இல்லை.

கே: லேசாகப் பட்டால்?

ப: இரண்டாம் பதில்! பட்டதா என்பதை விடுங்கள். ஓட்டம் கெட்டதா என்று பாருங்கள்.

கே (முதலில் வாதாடிய பயிற்சியாளர்): எதற்கும் அடுத்த ஆட்டத்தில் இரண்டாம் பேஸைக் கேட்டுப் பார்ப்பேன், ஐயா.

ப: கேளுங்கள். என் இடது கை நீண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.